எனிமாவும் பிள்ளைகளின் உடல் உப்புகளும்

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளுக்குப் பேதி கொடுக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் எம்மவர் வீடுகளில் இருந்தது. வயிறு சுத்தமானால் நோய் அணுகாது என்பது பெரியோர் நம்பிக்கை. அந்நம்பிக்கையோடு இங்கு குடியேறிய நாம், மலச்சிக்கலுற்ற பிள்ளைக்கு எனிமா ஏற்றுவதையும் வெறும் கழுவுதலாகவே எண்ணிவிடுகின்றோம். அவ்வெண்ணம் தவறானது.

பெருங்குடல் கழிவு செல்லும் வெறுங்குழாய் அன்று. அதன் சுவர் நீரையும் உப்புகளையும் இரத்தத்தினுள் உறிஞ்சுகின்றது. சோடியம், பொற்றாசியம், கல்சியம், பொசுபேற்று ஆகியன இரத்தத்தில் உரிய அளவில் இருந்தால்தான் இதயமும் நரம்புகளும் தசைகளும் ஒழுங்காக இயங்கும்.

பொசுபேற்று எனிமா வெளியேறாது உள்ளே தங்கினால், இரத்தத்தில் பொசுபேற்று மிகும். அதனால் கல்சியம் குறையும். தசை இழுப்பும் வலிப்பும் தோன்றலாம், இதயத்துடிப்பும் தடுமாறலாம். வெறும் நீரை மிகுதியாகச் செலுத்தினால் சோடியம் குறைந்து மூளை வீங்கக்கூடும். வீட்டிலே கரைத்த உப்புநீர் செறிவு கூடினால் சோடியம் எல்லை மீறும். பிள்ளையின் உடல் சிறியது. ஆதலின் சிறு பிழையும் பெரிதாகும். சிறுநீரக நோயோ குடல் நோயோ உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து மேலும் அதிகம்.

2014ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதுபற்றி எச்சரித்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பொசுபேற்று எனிமா கொடுக்கலாகாது என்றும், ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் பயன்படுத்துதல் ஆபத்து என்றும் அது கூறியது.

அவ்வாறாயின் மலச்சிக்கலுக்கு என் செய்வது? நீரும் பழமும் காய்கறியும் கொடுத்து, உணவுக்குப் பின் சிறிது நேரம் கழிவறையில் அமரப் பழக்குவோம். தீராவிடின் குடும்ப வைத்தியரை நாடுவோம். வாயால் உட்கொள்ளும் மருந்துகளே பெரும்பாலும் போதுமானவை. எனிமா தேவையா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

மாணவச் செல்வங்களே, பாடசாலைக் கழிவறைக்குச் செல்லக் கூச்சப்பட்டு அடக்கிவைப்பதும் மலச்சிக்கலுக்கு ஒரு காரணம். அடக்காதீர்கள், துன்பம் இருப்பின் பெற்றோரிடம் கூறுங்கள்.

எனிமா ஏற்றியபின் மலம் வெளியேறாவிட்டாலோ, பிள்ளை வாந்தியெடுத்தாலோ, சோர்ந்து உறங்கினாலோ, கைகால் இழுத்தாலோ இன்னொன்று ஏற்றாது உடனே வைத்திய உதவி நாடுக. வலிப்பு வந்தால் 000 இலக்கத்தை அழைக்கவும். நச்சுத் தகவல் நிலையத்தின் 13 11 26 இரவுபகலாக இயங்குகின்றது. 1995 முதல் வெஸ்ற்மீட்டில் இயங்கும் சிறுவர் வைத்தியசாலை, டூங்கபியிலிருந்து மூன்றாவது புகையிரத நிலையத்தருகே உள்ளது. உதவி அருகில் இருக்கையில், வீட்டிலே பரிசோதனை எதற்கு?