புள்ளிக்காக மட்டுமா தொண்டு?

மகன் சாரணர் சீருடை அணிந்து வந்து நின்றால் பெற்றோரில் பலர் கேட்பது, "இதற்கு எத்தனை புள்ளி?" என்றுதான். கேட்பதில் தவறில்லை. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. ஆனால், அந்தப் பத்தோடு நின்றுவிட்டால் தொண்டு தரும் பெரிய பாடத்தைப் பிள்ளைகள் இழந்துவிடுவார்கள்.

அந்தப் பாடம் நம் கெடா மண்ணிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. தோட்டத்து இளைஞர்கள் அணிவகுப்புப் பயின்றார்கள். தொழிலாளர் கூலியை விழுங்கிய கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தார்கள். 1947-இல் காவல்துறையுடன் மோதல் மூண்டது. டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்.

அந்த இளைஞர்களுக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. தம் மக்கள் தலைநிமிர வேண்டும் என்ற தவிப்பே அவர்களைத் தலைவர்களாக்கியது. அதே வேளையில், குடிப்பவர்களை அவர்கள் வற்புறுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. வேகம் மட்டும் தலைமைத்துவம் ஆகாது, நிதானமும் வேண்டும். பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவும், விதியை மதிக்கவும், தோல்வியை ஏற்கவும் பழக்கும் இடம் பள்ளிக்கூடம்.

பள்ளியும் தொண்டும் கைகோத்தால் என்ன நடக்கும்? 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் அதற்குச் சான்று. பல்கலைக்கழக மாணவர்கள் தொண்டர்களாக வந்து இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே பயின்றவர்கள் பின்னர் தாங்களே ஆசிரியர்களாகத் திரும்பி வந்தார்கள். நேற்று வாங்கிய கை இன்று கொடுத்தது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையிடம் தலைமைத்துவம் இருக்கிறதா என்று அறிய மேடையைப் பார்க்காதீர்கள். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றும்போது பத்துப் பேர் இருப்பார்கள். கூட்டம் கலைந்தபின், சிதறிக் கிடக்கும் குவளைகளை யாரும் சொல்லாமலே பொறுக்கி எடுப்பவர் ஒருவர்தான் இருப்பார்.

அந்த ஒருவராக உங்கள் பிள்ளை இருக்கட்டும். புள்ளிகள் தாமாகவே வந்து சேரும்.