மெய்ப்பாடும் மாணவர் எழுத்தும்

இக்காலக் கல்வியாளர் நாவிலே பெரிதும் பயிலும் தொடர்களுள் 'மனவெழுச்சி நுண்மதி' என்பதும் ஒன்று. 1990 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளராகிய பீற்றர் சலோவேயும் ஜோன் மேயரும் அதனை ஓர் ஆய்வுப் பொருளாக வரையறுத்தனர். 1995 இல் வெளிவந்த டானியல் கோல்மனின் நூல் அதனை உலகெங்கும் பரப்பிற்று. தன் உள்ளத்தும் பிறர் உள்ளத்தும் எழும் உணர்ச்சிகளை வேறுபாடறிந்து, அவ்வறிவு கொண்டு ஒழுகும் ஆற்றல் என அதன் பொருளைச் சுருங்கக் கூறலாம்.

இத்தொடரைக் கேட்டபோது எனக்குத் தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலே நினைவில் வந்தது. நகை முதலாக உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன் வகுத்து, 32 ஆக விரிக்கின்றது அவ்வியல். அது செய்யுளுறுப்பாகக் கூறப்பட்டதேயன்றி உளநூல் அன்று. ஆதலின், 'எல்லாம் எம்மிடம் அன்றே உண்டு' என மார்தட்டுவார் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதிருக்க அன்பர்களை வேண்டுகின்றேன்.

இலக்கியத் தரமான புனைகதையைச் சிறிது நேரம் வாசித்த மாத்திரத்தே பிறர் மனமறியும் திறன் கூடும் என்று 2013 இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2016 இல் வேறு ஆய்வாளர் மீளச் செய்து பார்த்தபோது அம்முடிவு கிட்டவில்லை. வாசிப்பு, விழுங்கிய மருந்துபோல வேலைசெய்வதன்று என்பதை வகுப்பறையில் நின்றோர் அறிவர்.

நிற்க. பத்தாந் தரத்து மாணவருக்கு 'மறக்கமுடியாத நாள்' என்னுந் தலைப்பிலே கட்டுரை எழுதக் கொடுத்தேன். கொப்பிகள் எல்லாவற்றிலும் ஒரே சொல்லாட்சி! பாட்டி இறந்ததும் 'மிகவும் கவலை'. துவிச்சக்கர வண்டி களவு போனதும் 'மிகவும் கவலை'. கிரகித்தல் வினாவிலே பாத்திரத்தின் மனநிலை யாதெனக் கேட்டாலும் இதே விடைதான். கடற்கரையூர் மாணவன் ஒருவன் மூன்றே வரி எழுதியிருந்தான். 'முயற்சி போதாது' எனச் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை அழுகையின் நிலைக்களன்களைக் கரும்பலகையில் எழுதினேன். பிறரால் இகழப்படுதல் இளிவு; உற்றாரையோ பொருளையோ இழத்தல் இழவு; முன்னைய நிலை கெட்டு வருந்துதல் அசைவு; நுகர விழைந்தன பெறாமை வறுமை. "உங்கள் கவலை இவற்றுள் எது?" என வினாவினேன். வகுப்பு வழக்கத்துக்கு மாறாக அமைதியாயிற்று. வண்டியைப் பறிகொடுத்தவன், அது இழவன்று, வீட்டார் தன்னை எள்ளியதே வருத்தியது, ஆகலின் இளிவே என்று வாதிட்டான். அவ்வளவு நுட்பமான வாதத்தை அவனிடம் நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

மூன்று வரி எழுதியவன் வாய் திறக்கவில்லை. மறுநாள் கொப்பியைத் தந்தான். ஒன்றரைப் பக்கம். 2022 இல் எரிபொருள் கிடையாமையால் தொழில் முடங்கித் தந்தை வள்ளத்தை விற்றதும், வாங்கியவர் அதனை உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சென்ற நாளும், பின்னர் பிறர் வள்ளத்திலே தந்தை கூலிக்குப் போகத் தொடங்கியதும் அதில் இருந்தன. ஓரத்திலே 'அசைவு' என்று எழுதியிருந்தான். என் பழைய குறிப்பை அவன் பார்க்கவே வெட்டினேன்.

கொப்பியை வாங்கிக்கொண்டவன் போகாமல் நின்றான்.

"ஐயா, அப்பா இப்ப சும்மா சும்மா ஏசுறதும் இந்த அசைவாலதானோ?"

"அதையும் எழுதும், தம்பி" என்றேன்.