மரத்துக்குள் பூட்டிய விஷம்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டி சதுரங்கப்பட்டினம் வரை, மீனவர்கள் கட்டுமரத்தைத் தொழில் முடிந்ததும் கரையேற்றிக் காயவிட்டார்கள். அலை அடித்துக்கொண்டு போய்விடுமே என்ற பயம் ஒரு காரணம். இன்னொன்று கப்பல் புழு. பெயர்தான் புழு, பிறப்பால் அது மட்டி, சிப்பிகளின் உறவு. குஞ்சாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளையிட்டு மரத்துக்குள் நுழைந்து, வளர வளர உள்ளேயே சுரங்கம் தோண்டும். இரண்டு சின்ன ஓடுகள்தான் அதன் ரம்பம். மரத்தூளைச் செரிக்கும் நொதிகளைச் செவுளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் தயாரித்துக் கொடுக்கின்றன. வெளியே தட்டிப் பார்த்தால் நல்ல கட்டை, உள்ளே வெறும் பொந்து. ஈரம் வற்றிய மரத்தில்தான் அதன் பாடு திண்டாட்டம்.

கரையில் வேறு எதிரிகள்: கரையானும் பூஞ்சையும். வேலிக்கு நட்ட சவுக்குக் கம்பு பெரும்பாலும் மண் மட்டத்தில்தான் முதலில் உளுத்து ஒடிகிறது. பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். இரண்டும் தாராளமாகக் கிடைக்கும் இடம் அது.

தாமிர உப்பு பூஞ்சையைக் கொல்லும், ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும் என்பது பழைய சங்கதி. சிக்கல் வேறு. தண்ணீரில் கரைந்தால்தான் மருந்தை மரத்துக்குள் செலுத்த முடியும். கரைகிற மருந்து அடுத்த மழையில் வெளியே வந்துவிடும். 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொண்டி காமேசம் என்ற இந்தியர் இந்த முடிச்சை அவிழ்த்தார். அவர் மூன்றாவதாகச் சேர்த்தது குரோமியம். மரத்துக்குள் போனதும் அது மரத்தின் சர்க்கரைகளோடும் லிக்னினோடும் (நார்களை ஒட்டிப் பிடிக்கும் பொருள்) வினைபுரிகிறது. அந்த வினையின்போது தாமிரத்தையும் ஆர்சனிக்கையும் பிடித்து, கரையாத சேர்மங்களாக நார்களோடு கட்டிவிடுகிறது. ‘அஸ்கு’ என்ற பெயரில் வந்த இந்தக் கலவையின் வழித்தோன்றல்களே உலகெங்கும் மின்கம்பங்களையும் வேலிக்கால்களையும் பச்சைச் சாயலோடு நிற்கவைத்தன.

பூட்டு கெட்டிதான், ஆனால் முழுப்பூட்டு இல்லை. மண்ணைத் தொடும் மரத்துக்கு அமெரிக்காவில் வைத்த அளவு கன மீட்டருக்கு 6.4 கிலோ மருந்து. நம் மரக்கடைக் கணக்கில் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 180 கிராம்; அதில் ஆர்சனிக் மட்டும் சுமார் 40 கிராம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் எல்லை. ஒரே ஒரு கிராம் கசிந்து கலந்தால் ஒரு லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் எட்டுக்கும் சற்று மேல், அந்த எல்லையைத் தொட்டுவிடும். கசிவு தொடக்க மாதங்களில் அதிகம், பிறகு தணியும். தண்ணீரில் அமிலம் ஏறினால் கூடும். பரப்பு அதிகம் என்பதால் மரத்தூளில் இன்னும் கூடும். எரித்தால் பூட்டே உடைந்து, புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் வந்துவிடும். இந்தக் கட்டையை வெந்நீர் அடுப்பில் வைக்கவே கூடாது. 2003 முடிவோடு அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் வீட்டு உபயோகத்துக்கு இதை நிறுத்திக்கொண்டார்கள்.

மாற்று என்ன? ஆர்சனிக்கையும் குரோமியத்தையும் விட்டுவிட்டு, தாமிரத்தோடு கரிமப் பூஞ்சைக்கொல்லி சேர்த்த மருந்துகள் வந்தன. மனிதருக்குத் தேவலை. ஆனால் தாமிரம் கூடுதலாகக் கசிகிறது, அது நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாது. சாதா இரும்பு ஆணியையும் அரித்துவிடும். போரான் இன்னும் சாது, ஆனால் மழை அதைக் கழுவிவிடும். கூரைக்கு அடியில் இருக்கும் உத்திரத்துக்குத் தோதானது. காமேசத்தின் அதே டேராடூன் நிறுவனம் பிற்காலத்தில் துத்தநாகம், போரான், தாமிரம் சேர்த்து ‘ஜிபாக்’ என்ற மருந்தை உருவாக்கியது.

என்னைக் கவர்ந்தது விஷமே வைக்காத வழி. மரத்தின் மூலக்கூறுகளில் தண்ணீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் முனைகள் உண்டு. அசிடிக் அன்ஹைட்ரைடு கொண்டு அவற்றில் பலவற்றை அசிட்டைல் முனைகளாக மாற்றினால் மரம் ஈரம் பிடிப்பது வெகுவாகக் குறைகிறது. பூஞ்சைக்கு அது பிடிபடாத தீனி ஆகிவிடுகிறது. உபரியாகக் கிடைப்பது வினிகரின் அமிலம்! நெதர்லாந்தில் 2007 முதல் வணிக அளவில் செய்கிறார்கள். விலைதான் கடி.

மருந்துக்குச் செலவில்லாத வழிகளும் உண்டு. வைரம் பாய்ந்த தேக்கு தன் மருந்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. பழைய ஓட்டு வீடுகளில் திண்ணைத் தூணைத் தச்சர் மண்ணில் நடாமல் கல் மேல் நிறுத்தினார். மண் மட்டத்து ஈரம் கல்லோடு நின்றுவிடும். தூணுக்கு எந்த மருந்தும் தேவைப்படவில்லை.