ஆற்றங்கரைப் புத்தகங்கள் – 9: சுவடி கிடைத்த ஊரிலிருந்து

ஆழ்வார்திருநகரி என்றால் நம்மாழ்வார், உறங்காப்புளி, நவதிருப்பதி என்றுதான் யாரும் சொல்வார்கள். தமிழ் படிக்கிற எல்லாரும் இந்த ஊருக்குப் பட்ட கடன் இன்னொன்று இருக்கிறது. பத்துப்பாட்டைப் பதிப்பிக்க நல்ல பிரதி தேடி அலைந்த உ.வே.சாமிநாதையர், திருநெல்வேலிப் பக்கத்தில் தேடிவிட்டு இங்கே வந்தார். கவிராயர்கள் பரம்பரையாக வாழ்ந்த ஊர். லட்சுமண கவிராயர் வீட்டில் கட்டுக்கட்டாகச் சுவடிகள். பிரித்துப் பிரித்துப் பார்த்தும் தேடியது அகப்படவில்லை. மனம் தளர்ந்திருந்த வேளையில் வீதியில் ஆழ்வார் எழுந்தருள, அவரிடமே முறையிட்டுக்கொண்டார் ஐயர். அன்று இரவு லட்சுமண கவிராயர் தம் மாமனார் வீட்டிலிருந்து ஒரு சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தார். நிலா வெளிச்சத்தில் பிரித்தால் முல்லைப்பாட்டு! 1889இல் பத்துப்பாட்டு அச்சேறியது.

இதெல்லாம் அவருடைய ‘என் சரித்திர’த்தில் இருக்கிறது. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் ஐயர் மறைந்ததால் பாதியில் நின்றுபோன தன்வரலாறு அது. பழைய புத்தகம்தான். ஆனாலும் புதிய புத்தகங்களைப் பற்றி எழுதும்போது அதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. வரலாறோ வாழ்க்கையோ கதையோ, ஒரு புத்தகத்தை நான் எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான். இதை எழுதியவர் ஆதாரம் இருக்கும் வீட்டுப் படியேறிப் போய்க் கட்டை அவிழ்த்துப் பார்த்தாரா, அல்லது வழியில் காதில் விழுந்ததை எழுதிவிட்டாரா? ஆழ்வார்திருநகரியைத் தொட்டு ஓடும் தாமிரபரணியைப் பற்றிப் பெருமை பேசும் புத்தகங்களுக்குக் குறைவில்லை. படியேறிப் போனவை கொஞ்சம்தான். அவற்றில் சில, நல்லவேளையாக, இந்தச் சில ஆண்டுகளில் வந்திருக்கின்றன.

முதலில் ஆ.இரா.வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. 2022இல் காலச்சுவடு வெளியிட்டது. 2024ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன, மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள், நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் எரிந்தன, நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கும் பற்றிக்கொண்டது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். பள்ளிப் பாடத்தில் இதற்கு அதிக இடம் கிடைப்பதில்லை. கைது, செக்கு, சிறை என்று வ.உ.சி.யின் தியாகத்தோடு கதை முடிந்துவிடும். சலபதி அந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அதில் தெருவுக்கு வந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தேடிப் போகிறார். தலைவர் சிறைக்குப் போனபோது, அவருக்காகத் தெருவில் நின்று குண்டடிபட்டுச் செத்தவர்களும் வழக்கில் சிக்கியவர்களும் நம் ஊர்க்காரர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் இங்கேதான் எங்கோ இருப்பார்கள். அந்த நினைப்போடு படிக்கும்போது அடிக்குறிப்புகள்கூடக் கனக்கின்றன.

வ.உ.சி.யின் கடிதங்களை 1984இல், வாலிபப் பருவத்திலேயே பதிப்பித்தவர் சலபதி. நாற்பது ஆண்டு உழைப்பு இந்தப் பக்கங்களில் தெரிகிறது. வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் முழுக் கதையை அவர் ஆங்கிலத்தில் 2023இல் ‘சுவதேசி ஸ்டீம்’ என்ற தனி நூலாக எழுதியிருக்கிறார். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு, ஆகப் பத்து லட்சம் மூலதனம் என்று 1906இல் தொடங்கிய கம்பெனி. அந்தக் காலத்துப் பத்து லட்சத்தை எண்ணிப் பாருங்கள். அந்நூல் தமிழிலும் முழுதாகப் பரவ வேண்டும். தூத்துக்குடிக்காரர்கள் படிக்க வேண்டிய நூல் அது.

ஆனால் ஒன்றே ஒன்று படிக்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது சலபதியின் சின்னப் புத்தகத்தை: ‘வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா’. 1912 இறுதியில் சிறையிலிருந்து வெளியே வந்த வ.உ.சி.க்கு வக்கீல் சன்னது இல்லை, வருமானம் இல்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தி வழியாக வரவேண்டியிருந்தது. 1915இல் காந்தி சென்னைக்கு வந்தபோது பேச்சு எழுகிறது. அதன்பின் மாதக்கணக்கில் கடிதம் போகிறது, வருகிறது. பணம் கைக்கு வந்து சேர்வதற்குள் 1916 பிறந்துவிட்டது. அவ்வளவுதான் கதை. கப்பல் விட்ட மனிதர், குடும்பம் நடத்தப் பணம் தேவைப்படும் நிலையில், கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல், மரியாதை குறையாமல் எழுதுகிறார். ஒரு மனிதரை இத்தனை அருகில் நிறுத்திக் காட்ட 600 பக்க வாழ்க்கை வரலாறு தேவையில்லை என்று இந்த நூலைப் படித்தபோது உணர்ந்தேன். வீட்டில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருந்தால் முதலில் அதன் கையில் இதைக் கொடுங்கள்.

இனி மண்ணுக்கு வருவோம். ஆழ்வார்திருநகரியிலிருந்து திருநெல்வேலி சாலையில் போனால் ஸ்ரீவைகுண்டத்தை அடுத்து ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டினார்; பொருள்கள் பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது; அறிக்கைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். 2023 ஆகஸ்டில்தான் அங்கேயே ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். காலடியில் கண்ணாடித் தளம். குனிந்து பார்த்தால் எடுத்த குழியிலேயே, சாய்ந்தபடியும் வாய் உடைந்தும் முதுமக்கள் தாழிகள்.

இப்படிப்பட்ட தாழிகளின் வயதைப் பற்றிப் பேசும் புத்தகம் 2025 ஜனவரியில் வந்தது: கா.ராஜன், ரா.சிவானந்தம் எழுதி மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’. ஆற்றின் வடகரையில் இருக்கும் சிவகளைப் பரம்பில் கிடைத்த மாதிரிகளை அமெரிக்காவில் உள்ள ஆய்வகம், லக்னோ, அகமதாபாத் என்று அனுப்பிச் சோதித்திருக்கிறார்கள். இரும்போடு சேர்ந்து கிடைத்தவற்றின் காலம் கி.மு. 3345 வரை போகிறது. முன்பு அங்கே ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று வந்தபோதே வியந்தோம். இந்த நூலைக் கதைபோல் படிக்க முடியாது. அட்டவணையும் ஆய்வக எண்ணுமாகத்தான் இருக்கும். அறிஞர்கள் இந்தக் காலக்கணக்கை இன்னும் விவாதிப்பார்கள், விவாதிக்கவும் வேண்டும். இருந்தாலும் மேடையில் கேட்டுக் கைதட்டுவதற்குப் பதில், எந்தக் குழி, எந்தத் தாழி, எந்த மாதிரி என்று நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள அந்த நூல் வழிவிடுகிறது. இங்கே நெல் விளைவிக்கிறவர்கள் ஒருமுறையாவது புரட்ட வேண்டும் என்று விரும்புகிறேன்.

புனைகதையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆர்.என்.ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ 2009இல் வந்தது; 2013இல் சாகித்ய அகாதெமி விருது. புத்தம்புதியது என்று சொல்ல முடியாது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டுவதால் வாங்கி வைத்துப் படிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே தள்ளி நிற்கும் கிராமம். நாவல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டுத் தூத்துக்குடியைச் சொல்கிறது: தோணி, சரக்கு, பரதவர் குடும்பங்கள், ஏற்றம், வீழ்ச்சி. பாத்திரங்கள் நூற்றுக்கணக்கில் வருவதால் முதல் 150 பக்கம் யார் யாருக்கு என்ன உறவு என்று திணற வைக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். உவரியில் பிறந்து, கப்பல் தொழிலிலேயே இருந்தவர் எழுதியது. கடலோரப் பேச்சு அச்சு அசலாகக் காதில் விழும். கப்பல் கம்பெனியின் பங்கையும் வழக்கையும் சலபதி சொல்கிறார். அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும் பாய் இழுத்தவனும் இரவில் என்ன பேசினான் என்பது இந்த நாவலில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

அடுத்த வாரம் கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றை எடுத்துக்கொள்வோம். இடையன்குடியில் வாழ்ந்த பாதிரியார், பாளையக்காரர்களைப் பற்றி எழுதியதில் எவ்வளவு இன்று நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.