மண்ணும் அதிரும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழும்போது, செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று தென்காசித் தெருக்களில் நம் குடைகளை மடக்கிவிடும். அதே காற்றுதான் சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. பஸ்ஸில் போகும்போது நாம் இறக்கைகளை வேடிக்கை பார்க்கிறோம். அவ்வளவு உயரமான தூண் ஓயாமல் அதிரும்போது, அதன் காலடி மண் என்ன செய்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

மணல்மேல் வீடு கட்டிய மனிதனின் உவமையை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். ஆனால் எல்லாருக்கும் பாறை கிடைப்பதில்லை அன்றோ? கெட்டித் தரை உள்ள இடத்தில் அகலமான கான்கிரீட் பீடமே காற்றாலைக்குப் போதும். மேல்மண் வலுவற்றதாயின், நீண்ட கான்கிரீட் தூண்களை ஆழத்துக்கு இறக்கி, அவற்றின் தலைகளைத் தடித்த கான்கிரீட் பலகையால் இணைக்கிறார்கள். இத்தூண்களுக்குக் கட்டடக்காரர் சொல்லும் பெயர் 'பைல்'. பாரத்தின் ஒரு பகுதியை அடிமுனை தாங்கும். மறு பகுதியைப் பக்கத்து மண்ணின் உராய்வு தாங்கும்.

சும்மா நிற்கும் பாரத்துக்குக் கணக்குப் போடுவது ஓரளவு எளிது. ஆடும் பாரம்தான் தலைவலி. ஒரு வாளியில் ஈர மணலை இறுக்கி நிரப்பி, நடுவில் ஒரு கம்பை ஊன்றி, அதன் தலையை விரலால் சுண்டிப் பாருங்கள். கம்பு சற்றே துடித்து உடனே நின்றுவிடும். மணல் இங்கே இரண்டு வேலை செய்கிறது. தள்ளிய கம்பைச் சுருள்வில் போலத் திருப்பித் தள்ளுகிறது. அத்துடன் அதன் அதிர்வை வாங்கி, தெப்பக்குளத்தில் கல் விழுந்தால் அலை பரவுவது போலத் தொலைவுக்கு அனுப்பிவிடுகிறது. போன அலை திரும்பி வருவதில்லை, ஆட்டம் தணிகிறது.

பொறியாளர் காகிதத்தில் எழுதும் மாதிரியும் இதுவே. மண்ணை வரிசையான சுருள்விற்களாக எண்ணிக் கணக்கிடலாம் என்று 1867இல் வின்க்ளர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் வழி காட்டினார். பைலைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சுருள்வில்லையும், ஸ்கூட்டரில் உள்ளது போன்ற ஒரு ஷாக் அப்சார்பரையும் பொருத்தியதாகக் கற்பனை செய்கிறார்கள். அதிரும் பைலின் விறைப்பையும் தணிப்பையும் கணக்கிடும் எளிய முறையை 1974இல் கனடாவில் நோவாக் வெளியிட்டார். பல பைல்கள் நெருங்கி நின்றால் கணக்கு மாறும். ஒன்று கிளப்பிய அலை அடுத்ததை ஆட்டும். ஆகவே நான்கு பைல்கள் ஒன்றைப்போல் நான்கு மடங்கு விறைப்பாக இருக்கும் என்று பெருக்கிவிட முடியாது.

இவ்வளவு கணக்கு எதற்கு? ஊஞ்சலை அது திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால், சிறு குழந்தை தள்ளினாலும் உயரப் போகும். இதுதான் ஒத்ததிர்வு. ஒரு காற்றாலை நிமிடத்துக்கு 15 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதாவது நொடிக்கு 0.25 முறை. மூன்று இறக்கைகளும் ஒவ்வொன்றாகத் தூணைக் கடப்பதால் நொடிக்கு 0.75 முறை இன்னொரு தட்டும் விழும். தூணின் இயல்பான ஆட்டம் இவ்விரண்டுக்கும் இடையில், இரண்டையும் தொடாமல் இருக்கும்படி அமைப்பது வழக்கம். அடிமண் நெகிழ்ந்தால் தூணின் ஆட்டம் மெதுவாகி 0.25ஐ நெருங்கும். மேலே இரும்பில் ஒரு குறையும் இல்லாமலே ஆபத்து கீழிருந்து வந்துவிடும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பூமிநாதன், அயோத்திராமன் ஆகிய இருவரும் அலுமினிய மாதிரிப் பைல்களை மென்களிமண்ணில் ஊன்றிப் பக்கவாட்டில் ஆட்டிச் சோதித்தனர். முடிவுகள் 2007இல் வெளிவந்தன. அசையாத விசையில் இருப்பதைவிட, ஆட்டும்போது பைலின் உச்ச வளைவுத்திறன் கூடியது. அந்த உச்ச வளைவும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆழத்துக்கு இறங்கியது. மேற்பகுதியில் மட்டும் கம்பி நெருக்கிக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

சுருள்வில் மாதிரி கைவிடும் இடமும் உண்டு. இன்னொரு வாளியில் மணலைத் தளர்வாகக் கொட்டி, மேல்வரை நீர் ஊற்றி, கம்பின் தலையில் ஒரு களிமண் உருண்டையை வைத்து ஊன்றுங்கள். வாளியின் பக்கத்தில் தொடர்ந்து தட்டுங்கள். நீர் மேலே கசியும், மணல் கூழாகும், கம்பு சாயும். (வாளியைக் கழுவி வைக்காமல் அம்மாவிடம் அகப்பட்டுக்கொள்ள வேண்டாம்!) 2001 ஜனவரி 26 அன்று குஜராத் நிலநடுக்கத்தில் காண்ட்லா துறைமுகத்தில் நேர்ந்தது இதுவே. அங்கே 22 மீட்டர் உயரக் கோபுரக் கட்டடம் ஒன்று 32 பைல்கள் மேல் நின்றது. மேலே களிமண், அதன் கீழே மணல். குலுக்கலில் மணல் கூழாயிற்று. பைல்கள் பிடிமானம் இழந்தன. கட்டடம் விழவில்லை, சாய்ந்து நின்றது.

எனவே கணக்கோடு விட்டுவிடாமல் களத்திலும் சோதிக்கிறார்கள். நிலத்தைச் சம்மட்டியால் தட்டி, அலை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கிறார்கள். கெட்டி மண்ணில் அலை விரைந்தோடும். இளகிய மண்ணில் தயங்கும். முக்கியமான பணிகளில் பைலின் தலைமேல் அதிரும் இயந்திரத்தை ஏற்றி, எந்த வேகத்தில் ஆட்டம் உச்சமாகிறது என்று பார்க்கிறார்கள். காற்றாலை ஓடத் தொடங்கிய பிறகும் தூணில் பொருத்திய அதிர்வுமானியால் அதன் இயல்பான ஆட்டத்தை அறியலாம். ஆண்டுக்கு ஆண்டு அந்த எண் குறைந்துகொண்டே வந்தால், தோண்டிப் பார்க்குமுன்பே அடியில் மண் தளர்கிறதோ என்று ஐயுற்று ஆராயத் தொடங்குவார்கள்.