உஷார்! ஒரே கையில் பி.பி. பார்த்தால் போதாது

வயது 25 தான். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. துணி பிழியும்போதும் தலை சீவும்போதும் இடது கை சட்டென்று ஓய்ந்துவிடுகிறது. அந்தக் கையில் பி.பி. மெஷினைச் சுற்றினால் ‘எரர்’ என்று வருகிறது. மெஷின் கெட்டுவிட்டது என்று எடுத்து வைத்துவிடாதீர்கள்! அந்தக் கைக்குப் போகும் ரத்தக்குழாயே அடைபட்டிருக்கலாம்.

இப்படி அடைக்கும் ஒரு நோயை டகாயாசு ஆர்ட்டரைட்டிஸ் என்பார்கள். ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ டகாயாசு, 21 வயதுப் பெண்ணின் விழித்திரை ரத்தக்குழாய்களில் கண்ட விசித்திர மாற்றத்தை 1908-ல் ஒரு மருத்துவக் கூட்டத்தில் விவரித்தார். இதேபோன்ற கண் பாதிப்புள்ள தங்கள் நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே கிடைக்கவில்லை என்று அதே கூட்டத்தில் வேறு மருத்துவர்களும் சொன்னார்கள். இந்த நோயில் மகாதமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்து, உள்ளே வழி குறுகிவிடுகிறது. அரிய நோய்தான். ஆனால் ஆசிய நாடுகளில் கூடுதல்; பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கே வருகிறது.

கையோடு போகிற விஷயமில்லை இது. இந்திய நோயாளிகள் பலருக்குச் சிறுநீரகத்துக்குப் போகும் தமனியும் சுருங்குகிறது. ரத்தம் குறைந்த சிறுநீரகம், உடம்பு முழுக்க அழுத்தம் குறைந்துவிட்டது போல ஹார்மோன்களைத் தூண்டி பிரஷரை ஏற்றிக்கொண்டே போகும். அதை எதிர்த்து அடித்து அடித்து இதயம் தளர்ந்துபோகும். கொடுமை என்னவென்றால், அடைபட்ட கையில் அளந்தால் 110 காட்டும். மகாதமனிக்குள் 200 ஓடிக்கொண்டிருக்கும்! ‘பி.பி. நார்மல்’ என்று நிம்மதியாக வீடு திரும்புவீர்கள். இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவில் 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இரண்டு கையுமே அடைபட்டிருந்தால் தொடையில் கஃப் சுற்றி அளக்க வேண்டும். எந்த இடத்தில் அளந்தால் சரியான அளவு கிடைக்கும் என்பதை ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இதயத்துக்கே ரத்தம் தரும் கொரோனரி தமனிகள் மகாதமனியின் அடியிலிருந்துதான் கிளம்புகின்றன. அழற்சி அந்தத் தமனிகளின் வாயை அடைத்தால் மாரடைப்பு. மகாதமனியின் அடியே விரிந்துபோனால் வால்வு சரியாக மூடாமல் ரத்தம் திரும்பி ஒழுகும். சுகர் இல்லை, சிகரெட் இல்லை, இந்த வயசில் என்ன ஹார்ட் அட்டாக், கேஸ்தான் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பது மகா ஆபத்து. நெஞ்சுவலி என்றால் அந்த நிமிஷமே இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.

நோய் உறுதியானவர்கள் இன்னும் உஷார்! முகம் ஊதுகிறது என்று, அழற்சியை அடக்கத் தரும் ஸ்டீராய்டை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். அதே ஸ்டீராய்டு சுகரையும் பிரஷரையும் ஏற்றும் என்பதால், டோஸை எப்போது குறைப்பது என்று வாத நோய் நிபுணரிடம் விடாமல் கேளுங்கள். அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. நார்மலாக வந்துவிட்டது என்றும் அசந்துவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும்போதே குழாய்ச் சுவரில் நோய் நடந்துகொண்டிருப்பது உண்டு. டாக்டர் சொல்லும் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

குழந்தைக்குத் திட்டமிட்டால், முதலில் டாக்டரிடம் போங்கள். அழற்சிக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டும் சில பி.பி. மாத்திரைகளும் கருவைப் பாதிக்கும். அவற்றை மாற்றி, அழற்சி அடங்கி, எக்கோவில் இதயம் தாங்கும் என்று தெரிந்த பிறகே கர்ப்பம் தரிக்க வேண்டும்.