தன்சொல்லாற் கூறல்

நூலொன்றைப் படித்து அதன் பொருளைத் தன்சொல்லால் எழுதுக என மாணாக்கரைப் பணித்தால், அவருட் பலர் செய்வது சொல்மாற்றம் ஒன்றே. 'மழை' என்றிருக்குமிடத்து 'மாரி' என எழுதுவர். 'காக்கும்' என்பதைப் 'பாதுகாக்கும்' ஆக்குவர். வாக்கியத்தின் அமைப்பும் கருத்தின் வரிசையும் மூலநூலாசிரியருடையனவாகவே நிற்கும். எழுதியவன் பொருளை உணர்ந்தானோ இல்லையோ என்பதை அவ்விடையைக் கொண்டு ஆசிரியர் அறிதல் இயலாது.

இப்பயிற்சி தமிழுக்குப் புதிதன்று. செய்யுளின் கருத்தைத் திரட்டி உரைநடையிற் கூறுவதைப் பொழிப்புரை என நம் உரையாசிரியர் வழங்கினர். முதனூலைத் தொகுத்தும், விரித்தும், அவ்விரண்டும் கலந்தும், பிறமொழியினின்று பெயர்த்தும் வழிநூல் செய்யலாம் எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. ஈழத்து ஆறுமுக நாவலர் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களையுடைய பெரியபுராணத்தை வசனமாக்கி 1852ஆம் ஆண்டில் வெளியிட்டார். சேக்கிழார் பாடிய வரலாறுகளைச் செய்யுள் கற்றறியாதாரும் விளங்கிக்கொள்ளும்படி அவர் எழுதியது, அவ்வரலாறுகள் அவருள்ளத்திற் செவ்வனே பதிந்திருந்தமையாலன்றோ?

கண்டிப் பகுதியிற் பயிலும் தமிழ் மாணாக்கருக்கு இதில் இன்னுமோர் இடர்ப்பாடு உண்டு. இந்நாட்டு வரலாற்றுக்குரிய மூலநூல்களுட் பல ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் உள்ளன. அவற்றைத் தமிழாக்கியவுடன் தன்சொல்லாற் கூறியாயிற்று என அவர் எண்ணிவிடுகின்றனர். மொழி மாறினும் நடை மூலத்தினுடையதேயாயின் அது மொழிபெயர்ப்பேயாகும்.

றொபேட் நொக்ஸ் எழுதிய இலங்கை வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1660இல் கொட்டியாரக்குடாப் பக்கத்திற் பிடிபட்ட இவ்வாங்கிலேயர், இரண்டாம் இராசசிங்கனின் கண்டியரசிற் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்தார். சிறையென்பதும் ஊர்களில் வைக்கப்பட்ட காவலே. தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பிழைத்தார். கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தவில் நிலமும் வாங்கினார். 1679இல் தப்பியோடி, 1681இல் இலண்டனில் நூலை வெளியிட்டார்.

அந்நூலில் தாளிப்பனையைப் பற்றிய செய்தி வருகின்றது. ஓரோலை 15 அல்லது 20 பேரை மழையில் நனையாது காக்கும், விசிறிபோல மடியும், வழிச்செல்வோரும் படைவீரரும் அதனை உடன்கொண்டு செல்வர், இரவில் அதுவே கூடாரமாகும். இவை அவர் தரும் செய்திகள். சொல்மாற்றும் மாணவன், 'தாளியின் ஓரிலை பதினைந்து அன்றி இருபது மாந்தரை மாரியில் ஈரமாகாவண்ணம் பாதுகாக்கும்' எனத் தொடங்குவான். விளங்கிக்கொண்டவன் பின்வருமாறு எழுதக்கூடும்:

'கண்டிப் படைகள் கூடாரத்தைத் தனியே சுமக்கவேண்டியிருந்ததில்லை. மடித்தெடுக்கத்தக்க தாளியோலை பகலிற் குடையாகவும் இரவிற் கூரையாகவும் உதவிற்று. ஓரோலையின்கீழ் 15 அல்லது 20 பேர் நனையாதிருக்கலாம் என்பர் நொக்ஸ்.'

இங்கே வரிசை மாறியுள்ளது. ஓலையின் பருமனைவிட அதன் பயன் முன்னிற்கின்றது. முதல் வாக்கியம் மாணவனின் ஊகம் என்பதைக் கவனிக்க. ஊகித்தல் குற்றமன்று, அதனை நொக்ஸின் வாயில் வைத்துக் கூறுதலே குற்றம்.

எண்ணை அவன் மாற்றவில்லை. '15 அல்லது 20' என்பதை 'இருபதின்மர்' என்றால் மிகைப்படும். 'பலர்' என்றால் செய்தியே தேய்ந்துபோம். பெயர், ஆண்டு, அளவு ஆகியவற்றுக்கு மாற்றுச்சொல் தேடுதல் வீண். அவற்றினும் எளிதிற் சிதைவது உறுதியின் அளவு. மூலம் 'என்பர்' என்றதை 'ஆகும்' எனவும், 'சில' என்றதை 'எல்லாம்' எனவும் எழுதிவிடுகின்றோம். தாளி வாழ்நாளில் ஒருமுறையே பூத்துக் காய்த்து மடியும் என்றும் நொக்ஸ் எழுதினார். அதனைத் தாவரவியலும் உறுதிசெய்துள்ளது. ஆதலின் உண்மையாகவே கூறலாம். ஓரோலைக்கு இத்தனை பேர் என்னுங் கணக்கோ அவர் வாய்மொழியாகவே நிற்றல் வேண்டும்.

செய்முறை எளிது. பகுதியை இருமுறை படித்தபின் நூலை மூடிவிடுக. அருகிலிருக்கும் தோழனுக்குச் சொல்வதுபோற் சொல்லிப் பார்க்க. எங்கே தடுமாற்றம் வருகின்றதோ அங்கே பொருள் விளங்கவில்லை என்க. பின்னர் எழுதி, அதன்பின்னரே நூலைத் திறந்து ஒப்பிடுக. நூலைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுபவனின் கண் அடுத்த வரியை நாடும். கையும் அதனைத் தொடரும்.

சொல் தன்னுடையதாயினும் செய்தி பிறருடையதே. ஆதலின் எவரிடம் பெற்றது எனக் கூறுதல் கடன். கற்பனைக் கதை எழுதிய டானியல் டீபோ தாமும், 1720இல் வெளியிட்ட 'கப்டன் சிங்கிள்டன்' என்னும் நாவலில் நொக்ஸின் சிறைவாழ்வைச் சுருக்கிக் கூறுமிடத்து அவர் பெயரை மறைத்தாரல்லர்.

தன்சொல்லாற் கூறலாகாத இடங்களும் உள. 1815 மார்ச் 2இல் நிறைவேறிய கண்டி உடன்படிக்கையில் பௌத்த சமயத்தைப் பற்றிய ஐந்தாம் பிரிவு அத்தகையது. ஆங்கில அரசு எதற்கு உடன்பட்டது என்னும் வழக்கு அப்பிரிவின் சொற்களைப் பற்றியே பின்னர் நெடுங்காலம் நடந்தது. அங்கே பொழிப்பு எழுதுபவன் தானறியாமலே ஒரு கட்சியைச் சார்ந்துவிடுவான். மூலத்தை உள்ளவாறே மேற்கோட் குறிக்குள் இட்டு, தன் விளக்கத்தை அதன்கீழ் வேறாக எழுதுதலே முறை.